யார் வெட்டிய பாதை? யாருடைய சவாரி?

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குள் புதியதொரு வாகனம் நுழைந்திருக்கிறது. குவாட் பைக் என்பது அதன் பெயர். மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடியும் இருக்கையும். உழவு யந்திரத்தைப் போன்று பருத்த நான்கு சக்கரங்கள். பெருவிரலால் ஒரு விசையை அழுத்தினாற் பாய்ந்தோடும் யந்திரம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பண்ணைக்காரர் தம் ஆட்டு மந்தையைச் சுற்றிவரப் பயன்படுத்தும் வண்டி அது. இங்கே உல்லாசப் பிரயாணிகளின் விளையாட்டு வண்டியாக வந்து சேர்ந்துள்ளது. நுவரெலியாவிலும் எல்லவிலும் மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசப்படுகிறது. வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, தலைக்கவசம் தரித்த அந்நிய நாட்டாரும் கொழும்புக் கனவான்களும் அவர் பின்னே வரிசையாக மலைப் பாதைகளிற் புகுந்து புழுதி கிளப்பிச் செல்கின்றனர்.

தார் வீதியை விட்டு விலகி மனிதன் கால் படாத வழியில் ஒரு வீரப் பிரயாணம்! இதுவே இச் சவாரியை விற்போர் காட்டும் கவர்ச்சி. மனிதன் கால் படாத வழியாம்! ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே தேயிலைக்குள் ஓடும் எந்தப் பாதையையேனும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு வளைவிலும் மண்வெட்டி பட்டிருக்கிறது. அதன் மேற்புறத்துக் கற்கட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் ஒரு மனிதனின் தலையிலோ தோளிலோ ஏறி வந்த கல். விடியற்பனியில் பெரட்டுக்களத்துக்குச் செல்லும் பெண் அவ் வழியேதான் நடக்கிறாள். பள்ளிப் பிள்ளை அவ் வழியேதான் இறங்குகிறது. மணக்கோலமும் பிரேதமும் அவ் வழியேதான் போகின்றன. ஊரார் நடமாடும் தெருவைக் காட்டி ஆளரவமற்ற காடு என்று விலை கூறுகிறார்கள்; அந்த ஊரார் அங்கே இருப்பதாகவே விலைப்பட்டியலில் குறிப்பில்லை.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். உல்லாசப் பிரயாணிகள் மலைநாட்டுக்கு வருவதை நாம் எதிர்க்கவில்லை. 2022இல் அந்நியச் செலாவணி இன்றி எரிபொருளுக்கும் மருந்துக்கும் தெருவில் வரிசை நின்ற தேசம் இது. 2024இல் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்தனர் என்றால் அதனால் வாழ்வு பெற்ற குடும்பங்கள் பல உண்டு. மலை ஏறி விளையாட விரும்பும் இளைஞனின் உற்சாகத்தைப் பழிக்கும் கிழட்டுக் குணமும் எமக்கில்லை. நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டத்தில் மககஸ்தொட்ட மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் 1934 முதலே வழக்கில் இருந்து வருவது. மலைநாட்டார் மோட்டார் ஓசையைக் கேட்டு அஞ்சி ஓடுபவரல்லர். நாம் கேட்பது வேறு. தோட்டத்துக்குள் ஓடும் பாதையை அந்நியருக்கு வாடகைக்கு விடும் உரிமை யாருக்கு உண்டு? அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

இப் பாதைகளின் கதையை நினைவிற் கொள்ளாமல் இக் கேள்விக்கு விடை காண இயலாது. கோப்பிக் காலத்தில், திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து கப்பலேறி மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நடந்தே வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. மிஞ்சியவர்கள் மலையேறிக் காட்டை அழித்தனர், கோப்பி நட்டனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்னும் துரை லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சில ஆண்டுகளுக்குள் அழித்தொழித்தது. தேயிலை அரியணை ஏறிற்று. டெயிலரின் பெயரைத் தேயிலை விற்கும் ஒவ்வொரு கடையிலும் காணலாம். அவர் சுட்டிய இடத்தில் குழி தோண்டியவனின் பெயரை எந்தக் கடையில் காண்பது? இரயில் 1885இல் நானுஓயாவை எட்டியது. அவ் விருப்புப் பாதைக்கு இருமருங்கும், ஒவ்வொரு தோட்டத்தின் ஸ்டோரையும் பங்களாவையும் மலைகளையும் இணைக்கும் வண்டிப் பாதைகளைக் கையால் வெட்டியவர்கள் தோட்டத்து மக்கள். 2023இல், மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்து சென்றதே, அந் நடை எதற்காக என்று கொழும்பில் எத்தனை பேர் விளங்கிக்கொண்டனரோ அறியோம்.

பாதையை வெட்டியவனுக்கு அப் பாதை திறந்திருந்ததா? இல்லை. தோட்டம் என்பது துரையின் தனிச் சொத்து. அவர் விரும்பாதவன் உள்ளே கால் வைத்தால் அது அத்துமீறல். தொழிலாளரிடம் பேச வந்த சங்கத்தாரை அச் சட்டம் காட்டித் துரத்தினர். கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் புகுவதற்குப் புடவை வியாபாரியாக வேடம் பூண்டார் என்று சொல்வர். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய பெருமகன், தன் இனத்தார் வாழும் லயத்தை எட்டுவதற்குத் துணி மூட்டை சுமக்க வேண்டியிருந்தது! 1937இல் பிரேஸ்கேடில் என்னும் ஆஸ்திரேலிய வாலிபர், தாமே வெள்ளைக்காரராயும் தோட்டத் தொழில் பயில வந்தவராயும் இருந்தும், தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறிப் பேசிய குற்றத்துக்காக நாட்டை விட்டு வெளியேறும்படி தேசாதிபதியால் உத்தரவிடப்பட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பது வேறு விஷயம். தோட்டத்து வாசல் யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடும் என்பதை அந் நாளில் தீர்மானித்தவர் ஒருவரே என்பதைக் காட்டவே இதைக் குறிப்பிடுகிறோம். இன்று அவ் வாசலில் பணம் கட்டியவனுக்குக் கதவு திறக்கிறது. குடியிருப்பவனின் நிலை மட்டும் அன்று போலவே இருக்கிறது.

மிகையாகச் சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், பிளவுண்ட குடும்பங்கள், கப்பலேறிய இலட்சங்கள், 2003 வரை இழுபட்ட நாடற்றோர் பிரச்சினை ஆகியவற்றை வாசகர் நன்கறிவர். அவற்றை மீண்டும் விரிக்கவில்லை. பாதையோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் சொல்கிறோம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் கிராமத்து வீதியைச் செப்பனிடச் சபைக்கு அதிகாரம் தந்தது. தோட்டத்துக்குள் ஒரு சதம் செலவிட அது இடம் தரவில்லை. தோட்டத்து மக்கள் வாக்களித்தனர். அவர் வாக்கால் அங்கத்தவர் சபை ஏறினர். அதே மக்கள் நடக்கும் பாதையில் ஒரு மூட்டை மண் கொட்டச் சபைக்குச் சட்டம் குறுக்கே நின்றது! முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2018இலேயே அது திருத்தப்பட்டது. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அகரப்பத்தனை என்று புதிய சபைகளும் அவ்வாண்டே பிறந்தன. ஆயினும் இன்றும் பல தோட்டங்களில் லயத்து அறைக்குத் தனி முகவரி கிடையாது; கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலேனும் கொடுத்தனுப்பப்படுகிறது. வேலைக்கான நேர்முகக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்து வாய்ப்பிழந்த பிள்ளைகள் மலைநாட்டிற் பலர். வாடகை யந்திரத்தில் வரும் அந்நியர் தம் கைப்பேசியில் அப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் கண்டுகொள்கிறார். அங்கே பிறந்தவனுக்குத் தபாற்காரன் அறிந்த வாசற்படி ஒன்றில்லை.

நிலம் யாருடையது? எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை 22 பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அக் குத்தகைக் காலம் 53 ஆண்டுகள் என்றாயிற்று. ஆகவே கம்பனி உரிமையாளர் அன்று, குத்தகைக்காரர். நிலத்தின் உண்மை உடைமையாளர் பொதுமக்கள். அவர் சார்பில் அரசு. தேயிலை பயிரிடக் கொடுத்த நிலத்தின் பாதையைச் சவாரிக்கு விடுவதென்றால், அவ் வருமானத்தில் அந் நிலத்தில் வாழும் மக்களுக்குப் பங்கென்ன என்று கேட்பது நியாயமா, அன்றா? ஒரு வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி கொடுக்கும் பேச்சு ஆண்டுக்கணக்காக நடக்கிறது. அளக்க ஆளில்லை, உறுதி எழுத நாளில்லை, பயிருக்கு இடம் போதாது என்று எத்தனை தடைகள் எழுகின்றன! சவாரிக்கு வழி விடுவதற்கு மாத்திரம் ஒரு தடையும் எழுந்ததாகக் காணோம்.

மண்ணின் விஷயம் இதைவிடப் பாரதூரமானது. தேயிலை மலையின் சரிவு, காடு இருந்த காலத்துச் சரிவன்று. ஒன்றரை நூற்றாண்டாக மேல்மண் கழுவிச் செல்லப்பட்ட பிறகு மிஞ்சியிருப்பதையே கானும் கற்கட்டும் பிடித்து வைத்திருக்கின்றன. கான் என்பது வெறும் வாய்க்கால் என்று சவாரிக்கு வருபவர் எண்ணக்கூடும். மலையின் குறுக்கே, ஏறத்தாழ நீர்மட்டத்தோடு, சிறு சரிவு விட்டு வெட்டப்படுவது அது. மழைநீரின் வேகத்தை அடக்கி, மண்ணை இடையிடையே குழிகளில் தங்கவிட்டு, நீரை மட்டும் ஓடைக்கு அனுப்புவது அதன் வேலை. மழைக்கு முன்னர்க் கான் அள்ளுவதற்கென்றே ஆட்கள் பேர் போட்டு அனுப்பப்படுவதுண்டு. செலவைச் சுருக்கத் தொடங்கிய நாள் முதல் அவ் வேலை முதலில் வெட்டப்படும் வேலையாயிற்று என்பது தொழிலாளரின் நெடுநாட் குறை. இருநூறு, முந்நூறு கிலோ எடையுள்ள யந்திரம் பற்சக்கரத்தோடு இக் கானைக் கடந்து ஏறட்டும். ஒன்றன் பின் ஒன்றாகப் பத்து யந்திரங்கள் அதே தடத்தில் ஏறட்டும். கரை இடிந்து கான் அடைபடும். சக்கரத் தடம் மேலிருந்து கீழாகப் புதியதொரு வாய்க்காலாகும். அடுத்த மழையில் நீர் குறுக்கே போகாமல் நேரே கீழே பாயும். கீழே இருப்பது பெரும்பாலும் லயம். அதற்கும் கீழே காசல்ரீயும் மவுசாகலையும் போன்ற நீர்த்தேக்கங்கள். அவற்றில் மண் படிந்தால் கொழும்பின் விளக்குக்கும் குறைவு நேரும் என்பதையாவது கனவான்கள் கருதுவார்களாக.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறந்தோமா? அங்கே ஆபத்துண்டு என்று கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் முன்னரே எச்சரித்திருந்தும் மக்கள் இடம் மாற்றப்படவில்லை; மாறிப்போக அவர்களுக்கு நிலமும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் இடிந்து வீழ்ந்தன, வீதிகள் அறுந்தன, மலைநாட்டு இரயிற் பாதை சிதைந்தது. அம் மலைச் சரிவுகளை உல்லாச யந்திரங்களின் ஓட்டக்களமாக்கும் எவரும் முதலிற் பதில் சொல்ல வேண்டியது கான் அள்ளுபவனுக்கு. குவாட் பைக்கினால் மீரியபெத்தை சரிந்தது என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது அபத்தம். காயம்பட்ட உடம்பில் கூச்சமின்றி ஏறி மிதிக்கலாகாது என்று மட்டுமே கூறுகிறோம்.

உயிராபத்தைப் பற்றியும் ஒரு சொல். இவ் வண்டி நான்கு சக்கரம் உடையதாயினும் கார் அன்று. அகலம் குறைவு, பாரம் உயரத்தில், ஓட்டுபவரின் உடலசைவே பாதிச் சமநிலை. சரிவிற் சற்றுப் பிசகினாற் கவிழும். கவிழ்ந்தால் யந்திரம் ஆளின் மேல் விழும். இதனாற் பண்ணைகளில் நேர்ந்த மரணங்களைக் கண்டே ஆஸ்திரேலிய அரசாங்கம், வேலைக்கென விற்கப்படும் புதிய குவாட் பைக்குகளில் கவிழும்போது ஆளைக் காக்கும் சட்டகம் இருக்க வேண்டும் என்று 2021 ஒக்டோபர் முதற் கட்டாயமாக்கியது. பழகிய பண்ணையாளருக்கே அவ்வளவு காவல் வேண்டுமென்றால், அரைமணி நேரப் பயிற்சியோடு நானுஓயாச் சரிவில் இறங்கும் பிரயாணிக்கு என்ன காவல்? வாடகைக்கு எடுத்தவர் தெரிந்தே துணிகிறார் எனலாம். வளைவுக்கு அப்பால், முதுகிற் கூடையோடு நிறுவைக்கு விரைந்துகொண்டிருக்கும் பெண் எதற்குத் துணிந்தாள்? பிள்ளை மடுவத்து வாசலில் விளையாடும் குழந்தை எதற்குத் துணிந்தது? 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று ஓடுதடத்தை விட்டு விலகி வேடிக்கை பார்த்து நின்றவர்களில் எழுவரைக் கொன்றது. அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. இராணுவத்தார் மேற்பார்வையில் ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம் அது. தோட்டத்துக் குறுக்குப்பாதையில் மேற்பார்வைக்கு யார் இருக்கிறார்?

வேலைவாய்ப்பு என்று ஒரு வாதம் எழுப்பப்படுகிறது. அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. தோட்டத்து நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாயிற்று. 200 ரூபா வரவு ஊக்கத்தொகையும் சேர்த்து அது 1,750 ஆகும் என்று 2025 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அப் பணத்துக்கும் எடை காட்ட வேண்டும், காட்டாவிடில் அரைப்பேர். குவாட் பைக்கிற் செல்லும் ஒருவரின் குறுகிய சவாரிக்கே அதைவிட மிகுதியாகச் செலவாகிறது. அவர் புகைப்படத்தில் பின்னணியாக நிற்கும் கொழுந்துக்காரிக்கு அதிற் சல்லிக் காசும் இல்லை. யந்திரங்கள் வழி மறித்ததால் நிறுவைக்குப் பிந்தினால் நட்டம் அவளுடையது. கொழும்புக் கடைகளில் எச்சில் தட்டுக் கழுவும் எங்கள் வாலிபர்கள், தம் தந்தையர் வெட்டிய பாதையில் வழிகாட்டியாய் நின்று மதிப்போடு சம்பாதித்தால் மகிழ்வோருள் நாமே முதல்வராவோம். ஆனால் யந்திரம் ஒருவருடையது, வழி இன்னொருவருடையது, வழிகாட்டி வெளியூரான், தோட்டத்தவனுக்குக் கழுவித் துடைக்கும் வேலை என்றால், இதற்கு வேலைவாய்ப்பு என்று பெயர் சூட்டுவது எங்ஙனம்?

பெக்கோ டிரெயில் என்ற நடைபாதை இதற்கோர் ஒப்புமை. கண்டி ஹந்தானையிலிருந்து ஹட்டன், அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை, சுமார் 300 கிலோமீற்றர், 22 கட்டங்கள். பழைய தோட்டப் பாதைகளையே இணைத்து ஐரோப்பிய ஒன்றியத்தாரதும் அமெரிக்கரதும் உதவியோடு அமைக்கப்பட்டது. நடப்பவர் மெல்லச் செல்கிறார், பெட்டிக்கடையில் தேநீர் குடிக்கிறார், யாரேனும் வணக்கம் சொன்னால் நின்று பதில் சொல்கிறார், கானைக் கெடுப்பதில்லை. அதிலும் குறையுண்டு. வழியோரத்து மக்களுக்குப் போதிய பங்கு இன்னும் வரவில்லை. எனினும் நடப்பவனின் பணம் வழியிலேயே சிந்துகிறது. யந்திரத்திற் பறப்பவனின் பணமோ புறப்பட்ட இடத்திலேயே பெட்டியில் விழுந்துவிடுகிறது.

ஆகவே நாம் கோருவது தடையுத்தரவையன்று. சவாரி வண்டிப் பாதையோடு நிற்கட்டும். கொழுந்து மலைக்குள்ளும் கான் கரையிலும் ஒரு சக்கரமும் ஏறலாகாது. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் யந்திரம் கொட்டகையை விட்டு வெளிவரக் கூடாது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களுக்கும் அவ் விதியே. லயத்து வாசலும் பிள்ளை மடுவமும் பாடசாலையும் உள்ள பாதை விலக்கப்படட்டும். ஓட்டுபவருக்கு மட்டுமன்றி, வழியில் நடப்பவருக்கும் சேர்த்துக் காப்புறுதி செய்யப்படட்டும். கம்பனியும் சவாரிக்காரரும் தம்முள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையில் பிரதேச சபையும் அத் தோட்டத்து மக்களும் கைச்சாத்திடும் தரப்பாக வேண்டும்; ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு தொகை அத் தோட்டத்துப் பாதை நிதிக்குச் செல்ல வேண்டும்; அந் நிதியின் கணக்கு பெரட்டுக்களத்தில் எல்லோரும் காணத் தொங்க வேண்டும்.

இன்னுமொன்று. குளவி கொட்டித் துடிக்கும் பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் காட்சி மலைநாட்டாருக்குப் புதிதன்று. லொறியும் வராத மலையிலிருந்து கம்பளியிற் கிடத்திச் சுமந்து இறக்கியதும் உண்டு. எந்தப் பாதையிலும் ஏறும் என்று விளம்பரம் செய்யப்படுகிறதே இவ் யந்திரம், அதில் ஒன்றன் பின்னே நோயாளியைக் கிடத்தும் இழுவை வண்டி பூட்டி, ஒவ்வொரு சவாரி நிலையத்திலும் எந்நேரமும் தயாராக நிறுத்தி வைப்பது பெரிய செலவாகுமா?

அடுத்த ஏப்ரல் பருவத்துக்கு முன்னர் நுவரெலியா மாவட்டச் செயலகத்தார் இவ் விஷயமாக ஒரு கூட்டம் கூட்டட்டும். கம்பனியாரும் சவாரி நடத்துவோரும் உல்லாசப் பிரயாண அதிகாரிகளும் மண்சரிவு நிபுணரும் சபைத் தலைவர்களும் தொழிற்சங்கத்தாரும் வந்து அமரட்டும். அவர்களோடு, பாதை ஓடும் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவரையாவது அழைக்கட்டும். அவர்களுக்கு அன்றைய பேரை வெட்டாமல்.